பச்சை விளக்கை நம்பாத ஆஸ்லின் அக்கா

எப்போதாவது ஒரு தடவை தோற்கிற சோதனை நல்லதா, ஒவ்வொரு தடவையும் தோற்கிற சோதனை நல்லதா?

ஆஸ்லின் அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முதலாவதுதான் நல்லது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டவரின் முகத்தில் இருந்த குறும்பைப் பார்த்து விழுங்கிவிட்டேன். இன்றைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. அக்காவின் அண்ணன் ஆன்டனி ராஜ் விசைப்படகில் டிரைவர். அக்கா இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். அப்பாவுக்கு முதுகு விட்டுப்போய்க் கடலுக்குப் போக முடியாமல் ஆனதும் ஊருக்குத் திரும்பி, அதே வேலையை வீட்டிலிருந்து செய்கிறார். தெருவில் பாதிப் பேர் அவர் ஆன்லைனில் சேலை விற்பதாக நினைக்கிறார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, தையல் கொஞ்சம், டைப்ரைட்டிங் கொஞ்சம் என்று எதிலும் உட்கார முடியாமல் அலைந்தவள். அவர்கள் வீட்டு வைஃபைக்காகப் போனேன். அங்கேதான் உட்கார்ந்தேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். சும்மா கிடந்த மீன் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து, அவற்றின் மேல் ஆறு சின்ன சர்க்யூட் போர்டுகளை வரிசையாக வைத்திருந்தார் அக்கா. பெட்டியின் ஓட்டைகள் வழியாகக் காற்று போனால் சூடு இறங்குமாம். எவ்வளவு கழுவியும் சூடை மீன் வாசம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு போர்டிலும் ஒரு விளக்கு. சோதனையில் ஜெயித்தால் பச்சை, தோற்றால் சிவப்பு.

அக்காவின் கம்பெனி படகுகளுக்கு ஒரு கருவி செய்கிறது. படகு எங்கே நிற்கிறது, எல்லைக்கோடு எவ்வளவு தூரம் என்று அது திரையில் காட்டும். எத்தனை மைல் இருக்கும்போது கத்த வேண்டும் என்று நாம் சொல்லி வைத்தால் கத்தும். கடலில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. தெரியாமல் தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார். தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகும்போது ஆன்டனி அண்ணன் படகில் அந்தக் கருவியை மாட்டிப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்தக் கருவிக்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதிலுள்ள எல்லா புரோகிராம்களையும் மேய்ப்பது இயங்குதளம். நினைவகத்தை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் பெரிய வேலை. அதைச் சோதிப்பது அக்காவின் வேலை.

"நம்ம வீடுதான் மெமரின்னு வையி சத்யா," என்றார் அக்கா. "திருவிழாவுக்குச் சொந்தக்காரங்க வந்து எறங்கிட்டாங்க. தரையில எடமில்ல. என்ன செய்வ?"

"சாமானத் தூக்கிப் பரண்ல போடுவேன்."

"இதுவும் அதத்தான் செய்யும். கேக்குறப்ப எறக்கிக் குடுக்கும். ஏத்துனது ஏத்துனபடியே எறங்குதான்னு பாக்குறதுதான் என் சோதனை."

"அதெப்படிக்கா மாறும்?"

"எங்கம்மா ஏத்துன பித்தளைக் குடம் இன்னிக்கு வரைக்கும் எறங்கல."

"அத வித்துத்தான்டி ஒனக்கு ஃபீஸ் கட்டுனேன்!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அற்புதம்மாள் பெரியம்மாவுக்குக் காது கூர்மை.

அந்தச் சோதனை பெரும்பாலும் பச்சை காட்டும். திடீரென்று ஒரு நாள் சிவப்பு. மறுபடி ஓட்டினால் பச்சை. கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பச்சை வருகிற வரைக்கும் ஓட்டுவது, வந்ததும் அடுத்த வேலைக்குப் போவது. "அந்த டெஸ்ட்டுக்கு மூடு வந்தா தோக்கும் ஆஸ்லின், இன்னொரு தடவ ஓட்டிருங்க," என்பார் சென்னையில் இருக்கும் டீம் லீடர் வினோத்குமார்.

ஆன்டனி அண்ணனுக்கும் இதில் தப்பு தெரியவில்லை. "எஞ்சினும் அப்படித்தான்டி. மொத சுத்துல பத்தாது. மூணாவது சுத்துல பத்திக்கிரும்."

"அண்ணே, நீ எஞ்சின் பத்தணும்னு சுத்துற. நான் பத்துமான்னு தெரிஞ்சுக்கச் சுத்துறேன். நடுக்கடல்ல வச்சுப் பத்தாட்டி என்ன செய்வ?"

"நடுக்கடல்ல எவன்டி எஞ்சின அமத்துவான்?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்கா செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது. மற்ற எல்லோரும் சிவப்பைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பச்சையைத் திறந்தார். பச்சை வந்த ஒவ்வொரு ஓட்டத்திலும் நினைவகத்தில் எவ்வளவு இடம் காலியாக இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனார்.

"நல்லா இருக்குறதப் போய் ஏங்க்கா குடையிறீங்க?"

"தோத்தவன் ஏன் தோத்தான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஜெயிச்சவன் பரீட்சை எழுதுனானான்னு ஒருத்தரும் கேக்கல."

எழுதவில்லை. அதுதான் விஷயம். அந்தச் சோதனை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இடத்தைத்தான் கேட்டது. பெரும்பாலான நேரம் தரையில் அதைவிட அதிக இடம் காலியாகக் கிடந்தது. அதனால் எதுவுமே பரணுக்கு ஏறவில்லை. ஏறாத சாமானைப் பார்த்து "பத்திரமாக இறங்கிவிட்டது" என்று பச்சை விளக்கு போட்டுக்கொண்டிருந்தது. இதற்கு முன்னால் ஓடிய வேறொரு சோதனை இடத்தைப் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் போன நாட்களில்தான் தரை நிறைந்தது. அன்றைக்கு மட்டும்தான் உண்மையாகவே பரீட்சை நடந்தது. அன்றைக்குத்தான் சிவப்பும் வந்தது. சோதனைகள் ஓடும் வரிசை தினம் மாறியதால் யாருக்கும் பிடிபடவில்லை. எத்தனை மாதப் பச்சை! அத்தனையும் எழுதாத பரீட்சை.

அக்கா அதைத் திருத்தி எழுதினார். இப்போது சோதனை முதலில் எவ்வளவு இடம் காலி என்று பார்க்கும். தரை நிறைகிற வரைக்கும் கேட்கும். முன்பு இரண்டு நொடி சும்மா காத்திருந்து, இதற்குள் ஏறியிருக்கும் என்று தானாக நினைத்துக்கொள்ளும். இனி, ஏறிவிட்டது என்று இயங்குதளத்தின் கணக்கே காட்டினால்தான் நகரும். ஏறிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பதை விடாமல் மாற்றிக்கொண்டும் இருக்கும். தரையை நிறைக்க முடியாமல் போனால் பச்சையும் கிடையாது, சிவப்பும் கிடையாது. சோதிக்க முடியவில்லை என்று ஒத்துக்கொள்ளும். முடிந்ததும், தான் மாற்றிய எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுத்தான் வெளியேறும். வாங்கியதைத் திருப்பித் தராமல் போன அந்த இன்னொரு சோதனைக்கும் அதே ஒழுங்கைப் பழக்கினார்.

ஒரு காலையில் ஓட விட்டார். முதல் போர்டு சிவந்தது. அடுத்தது சிவந்தது. வரிசையாக ஆறும் சிவந்தன. மறுபடி ஓட்டினார், மறுபடி ஆறும். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒன்றுகூடப் பச்சை ஆகவில்லை. அக்கா கைதட்டிச் சிரித்தார்.

பெரியம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னத்தா, அம்புட்டும் செவப்பா எரியுது, நீ சிரிக்கிற?"

"இப்பத்தாம்மா இது உண்மை பேசுது."

அந்த உண்மை இதுதான். பரணில் ஏற்றுவதற்காக இயங்குதளம் ஒரு நகல் எடுக்கிறது. எடுத்த பிறகு, 'இது மாறியிருக்கிறது' என்ற அடையாளத்தை அழிக்கிறது. நகல் எடுப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவில் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைந்த ஓர் இடைவெளி. அந்த நேரத்தில் யாராவது புதிதாக ஒன்றை எழுதினால் அதற்கான அடையாளமும் சேர்ந்து அழிந்துபோகும்; மறுபடி நகல் எடுக்காததால் அது தொலைந்துவிடும். இறக்கும்போது பழையதுதான் வரும்.

வினோத்குமாருக்குச் சந்தோஷம் இல்லை. "டெஸ்ட்டத்தானே சரி பண்ணச் சொன்னேன்?"

"சரி பண்ணிட்டேன் சார்."

"தேதி நெருங்குது. பழைய டெஸ்ட்ட வச்சே அனுப்பிருவோம், அப்புறம் பாத்துக்கலாம்."

"இதோட எங்க அண்ணன் கடலுக்குப் போகாது சார்," என்று அக்கா போனை வைத்தார்.

அதைவிடப் பெரிய சண்டை வீட்டில். "கடக்கரையில அத்தன பேருக்கும் சொல்லிட்டேன். எங்கன போயி மூஞ்சிய வைப்பேன்? கோடு கிட்ட வந்தா கத்துதா இல்லையா, அத மட்டும் சொல்லு," என்றார் அண்ணன்.

"நீயே பாரு."

அக்கா கருவியை மேசையில் வைத்தார். நினைவகத்தை நிறைத்து, எத்தனை மைலில் கத்த வேண்டும் என்பதை அண்ணனின் விரலாலேயே வைக்கச் சொன்னார். பிறகு, தடைக்கு முன்னால் அவர் கடைசியாகக் கடலுக்குப் போன வழியை அதற்குக் காட்டி, அது முடிந்த இடத்திலிருந்து திரையிலேயே படகைக் கோட்டை நோக்கி ஓட விட்டார். கருவி கத்தியது.

"பாத்தியாடி!" என்றார் அண்ணன். இரண்டாவது தடவையும் கத்தியது. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மூன்றாவது தடவை படகு கோட்டை நெருங்கியது. சத்தமே இல்லை. தொட்டது. தாண்டியது. அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் வைத்த மைல் கணக்கு தொலைந்து, கத்தவே வேண்டாம் என்கிற பழைய பூஜ்யம் வந்து உட்கார்ந்திருந்தது.

"மூணாவது சுத்து, அண்ணே," என்றார் அக்கா, மெதுவாக.

அண்ணன் திரையை நோக்கிக் குனிந்தார். தாண்டிப் போன அந்தச் சின்னப் புள்ளியில் தன்னோடு சேர்த்து ஐந்து பேர் இருப்பது அவருக்குத் தெரியும். அக்காவின் போனை எடுத்து வினோத்குமாரை அவரே கூப்பிட்டார். "தம்பி, சாமான் மெதுவா வரட்டும். கத்தும்னு நம்பிப் போயி கத்தாம இருக்குறதுக்கு, இல்லாமலே போறது மேலு."

அன்று மாலையே வினோத்குமார் அக்காவின் புதிய சோதனையை, இயங்குதளத்தில் பரணில் ஏற்றும் பகுதியை எழுதியவருக்கு அனுப்பிவிட்டார். எப்போதாவது வரும் தவறு என்றால் அவருக்கு எதைத் திருத்துவது என்றே தெரிந்திருக்காது. திருத்தினாலும் சரியாகிவிட்டதா என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் தோற்றதால் தவறைக் கையும் களவுமாகப் பிடித்தார். முதலில் அடையாளத்தை அழி, பிறகு நகல் எடு. இரண்டு வரிகள் இடம் மாறின, அவ்வளவுதான்.

தடை முடிந்த முதல் நாள் அண்ணன் கருவி இல்லாமல்தான் போனார். கடற்கரையில் கேலிக்குக் குறைவில்லை. சில வாரம் கழித்து ஒரு காலையில் ஆறு போர்டுகளும் பச்சையாயின. எத்தனை தடவை ஓட்டினாலும் பச்சை. பழைய அதே விளக்கு, அதே நிறம். ஆனால் நான் கோயிலில் நிற்பதுபோல நின்று பார்த்தேன்.

கருவியோடு போய்த் திரும்பிய அன்று அண்ணன் வாசலிலேயே புலம்பினார். "கோட்டுக்கு அம்புட்டுத் தூரம் கெடக்கு, அதுக்குள்ள கத்தி உயிர வாங்குது சனியன்!" சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். "இன்னொரு தடவை ஓட்டிப் பார், சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லக் கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். அந்த விளக்கை நம்பி எங்கேயோ ஒரு படகு கிளம்பிக்கொண்டிருக்கும்.