வீபெ சுவாசித்த பெயிண்ட்

நெதர்லாந்தின் ஹார்லிங்கன் துறைமுகத் தெருவில் வீபெ பெயிண்ட் அடிக்காத கதவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குளிர்காலத்தில் வெளிவேலை கிடையாது. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே அடிப்பார்கள். பெயிண்டில் கலந்த தின்னரின் ஆவி போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே நிற்கும். சாயங்காலம் படியிறங்கும்போது கால் பின்னும். கூட வேலை செய்த டவ்வே சிரிப்பான்.

"காசில்லாம போதை! நமக்குத்தாண்டா இந்த யோகம்."

நாற்பதைத் தாண்டியபோது வீபெ சிரிப்பதை நிறுத்தியிருந்தான். கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றான். முட்கரண்டி தட்டில் உரசினாலே கத்தினான். அவன் வரும் சத்தம் கேட்டதும் மகள் நின்கே மாடிக்குப் போய்விடுவாள்.

"எங்க ஒளிச்சு வெச்சுக் குடிக்கிற?" என்று கேட்டாள் மனைவி யிக்கே.

"சத்தியமா குடிக்கல."

"அப்புறம் ஏன் தள்ளாடுற? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

அந்த வசந்தத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் குரோனிங்கனில் தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பவில்லை.

அடுப்பை மறந்து சமையலறையைப் புகையால் நிரப்பிய ஒரு நாள், டவ்வேதான் அவனை மருத்துவமனைக்கு இழுத்துப் போனான். சோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா நேராகச் சொன்னார்.

"இது குடி இல்ல. இத்தன வருஷமா தின்னர் ஆவி உங்க மூளைய அரிச்சிருக்கு. இனி அது பக்கமே போகாதீங்க. மேல கெடாது. ஆனா போனது திரும்பாது."

வீபெக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வீட்டுக்கு வந்ததும் யிக்கேயை போனில் கூப்பிட்டான்.

"டாக்டரே சொல்லிட்டாங்க யிக்கே. நான் குடிகாரன் இல்லையாம்."

மறுமுனையில் அவளுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல், சூப் ஆறுகிறது என்று கூப்பிட்டது.

"முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம் வீபெ," என்றாள் அவள்.

தின்னர் பெயிண்டைத் தடை செய்யலாமா என்று, நாடாளுமன்றம் இருக்கும் டென் ஹாகில் ஒரு விசாரணை நடந்தது. தொழிற்சங்கம் வீபெயைப் பேச அழைத்தது. தண்ணீரில் கரையும் பெயிண்ட் பளபளக்காது, உழைக்காது என்று ஒரு பெயிண்ட் கம்பெனிக்காரர் பேசி முடித்தார். அடுத்து வீபெ எழுந்தான். விசாரணைத் தலைவி அன்பாகவே ஆரம்பித்தார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு."

"பேரு என்ன?"

வாயைத் திறந்தான். அவள் முகம் தெரிந்தது, மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. பெயர் வரவில்லை.

"இருங்க... வந்துடும்."

கூடமே காத்திருந்தது. கம்பெனிக்காரர் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். துணைக்கு வந்திருந்த டவ்வேதான் மெல்லச் சொன்னான்: "நின்கே."

பல வருஷங்களாகப் பலர் போராடியிருந்தார்கள். கடைசியில் சட்டம் வந்தது: கூலிக்குப் பெயிண்ட் அடிப்பவர் வீட்டுக்குள் தின்னர் பெயிண்டைத் தொடக்கூடாது. டவ்வே கேக் வாங்கி வந்தான்.

"உன்னாலதாண்டா இது!"

"நான் என்ன செஞ்சேன்? பொண்ணு பேர மறந்தேன்."

டவ்வேக்கு ஆஸ்பத்திரிச் சுவர் ஒன்று பாக்கியிருந்தது. அவசரமாகக் காபியைக் குடித்துவிட்டு, தண்ணீர்ப் பெயிண்ட் வாளியோடு கிளம்பினான்.

வீபெ இப்போது கடற்கரை மேட்டில் தினமும் நடக்கிறான். எதிரே வருபவர்களில் யார் தெரிந்தவர், யார் தெரியாதவர் என்று பிடிபடுவதில்லை. அதனால் எல்லோருக்குமே கை தூக்குகிறான். தீவுக்குப் படகேற வந்த வெளியூர்க்காரர்களும் சிலநேரம் பதிலுக்குக் கை தூக்குகிறார்கள்.