காலர் மட்டும்

எங்கள் அண்ணிக்குச் சட்டை தைக்கத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியவந்த அன்று வீட்டில் அரிசி இருந்தது, எண்ணெய் இல்லை, வாடகை பாக்கி இருந்தது.

சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அண்ணனுக்குப் பேசி முடித்தபோதே, "கைத்தொழில் தெரிஞ்ச பொண்ணு, எங்க விட்டாலும் பொழைச்சுக்கும்" என்று பெருமையாகச் சொன்னார்கள். நாத்தனார் என்கிற முறையில் அவள் சமையலில், பேச்சில், நடையில் நான் ஆயிரம் குறை கண்டுபிடித்திருக்கிறேன். தையலைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. இந்த வீட்டுக்குப் பாதிச் சோறு அதிலிருந்துதான் வந்தது.

அண்ணனுக்கு சினிமா தியேட்டரில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலை. எனக்கு ஒரு ஆபீசில் கூட்டித் துடைக்கிற வேலை. ஊரடங்கு வந்ததும் தியேட்டரை மூடினார்கள். ஆபீஸ்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போய்விட்டார்கள். நீயும் வீட்டிலிருந்தே கூட்டித் துடைக்கிறாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. அண்ணியின் கம்பெனியும் மூடியது. ஒரே அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு. அதற்குள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, "ஒரு வண்டிகூட வரல பாரு" என்பான். "வந்தா என்ன, டோக்கன் கிழிக்கப் போறியா?" என்பேன்.

கையிருப்பு கரைந்தது. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்தாள். முகமூடி போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். கெட்டவள் இல்லை. அவர்களுக்கும் எங்கள் வாடகையை விட்டால் வேறு வருமானம் கிடையாது. கையில் ஒரு துணிப்பொட்டலம் வைத்திருந்தாள்.

"கடையெல்லாம் மூடிக் கெடக்கு. எங்க வீட்டுக்காரருக்குப் போட நல்ல சட்டை ஒண்ணுகூட இல்ல. நீதான் தையல்காரியாச்சே, ரெண்டு சட்டை தைச்சுக் கொடு, இந்த மாச வாடகையைக் கழிச்சுக்கறேன். மெஷின் எங்க வீட்ல சும்மாதான் தூங்குது, எடுத்துக்கோ. நல்லா வந்துச்சுன்னா தெருவுல நாலு பேருக்குச் சொல்றேன். இல்லேன்னா எனக்கும் வேற வழி இல்லம்மா, மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிடுங்க."

அண்ணன் குதிக்காத குறை. "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோமே!" என்றான். மாடியிலிருந்து மெஷினை நானும் அவனுமாக இறக்கினோம். அண்ணி பொட்டலத்தைப் பிரித்துத் துணியைத் தடவிப் பார்த்தாள்.

முதலில் காலரைத் தைத்தாள். உள்ளே வைக்கக் கெட்டித் துணி இல்லையென்று ஒரு பழைய பையை வெட்டிக்கொண்டாள். நான் அடுப்பைப் பற்ற வைத்துத் திரும்புவதற்குள் முடித்துவிட்டாள். கையில் வாங்கிப் பார்த்தேன். முனை இரண்டும் கூர்மையாக, கடைச் சட்டையில் இருப்பது போலவே இருந்தது. குறை சொல்லியே பழகிய எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு மெஷின் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், அண்ணனின் ஒரே நல்ல சட்டையை மடியில் போட்டு, பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "தைக்கச் சொன்னா பிரிக்கிறியே அண்ணி!" என்றேன். "பேசாம இரு" என்றாள். பிரித்த துண்டுகளைத் தரையில் பரப்பி, அதைப் பார்த்து, இதைப் பார்த்து, புதுத் துணியை வெட்டினாள். சட்டைக் கை ஒன்றை இடம் மாற்றி வைத்துத் தைத்துப் பிரித்தாள். மறுபடி தைத்தாள். அவள் நெற்றியெல்லாம் வியர்வை. தையல்காரிக்கு ஒரு சட்டைக்கு இவ்வளவு பாடா என்று நினைத்தேனே தவிர, எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கார ஐயா சட்டையைப் போட்டுப் பார்க்க வாசலுக்கே வந்தார். நல்ல சதைப்பிடிப்பான மனிதர். கழுத்துப் பட்டனைப் போட இழுத்தார், வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பார்த்து நின்றார், அப்போதும் வரவில்லை. விஷயம் இதுதான்: அண்ணி காலரை அவள் கை வழக்கமாகத் தைக்கிற அளவில் தைத்துவிட்டு, அந்தக் காலருக்குத் தகுந்த மாதிரி கழுத்தை வெட்டி, கழுத்துக்குத் தகுந்த மாதிரி உடம்பை வெட்டியிருக்கிறாள். போடுகிற ஆளை யாரும் அளக்கவில்லை.

"இத்தனை வருஷமா தையல்காரின்னு சொன்னியேம்மா?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"நான் காலர் மட்டும்தாம்மா தைப்பேன்" என்றாள் அண்ணி.

எங்களுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. கம்பெனியில் வரிசையாக மெஷின். வெட்டிய துண்டுகள் கட்டுக்கட்டாக வரும். ஒருத்தி பாக்கெட், ஒருத்தி கை, ஒருத்தி கை நுனியில் வரும் கஃப் பட்டை, இவள் காலர். தைத்துத் தள்ளினால் அடுத்த கட்டு. அளவெடுப்பவன், வெட்டுபவன், சேர்ப்பவள் எல்லாம் வேறு வேறு ஆட்கள். கம்பெனிச் சட்டையை முழுசாக இவள் கண்ணால் பார்த்தது கடையின் கண்ணாடி அலமாரியில்தானாம். அண்ணன் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்காரம்மா மீதித் துணியைச் சுருட்டிக்கொண்டு, "சரி, மாசக் கடைசி வரைக்கும் இருங்க" என்று சொல்லிப் படியேறிப் போனாள்.

"ஏன் அண்ணி முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியாதே. நானும் என்னைத் தையல்காரின்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மேல் கோபம் வரவில்லை. வாலிபம் முழுக்க ஒருத்தியை உட்கார வைத்து, ஒரு சாண் துணிக்கு மேல் அவள் கற்றுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்களே, அந்தப் பாவிகள் மேல் வந்தது. திட்டினேன். அவர்கள் காதில் விழப் போவதில்லை.

மாசக் கடைசி நெருங்கும்போது கம்பெனி திறக்கிறது என்று செய்தி வந்தது. பஸ் இல்லை. நானும் துணைக்கு நடந்தேன். கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டம். யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏய் கஃப், நல்லாருக்கியா?" "பாக்கெட் அக்கா, ரொம்ப இளைச்சுட்டீங்களே!" முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

சூப்பர்வைசர் கேட்டைப் பாதி திறந்து நின்றான்.

"இப்ப சட்டை ஆர்டர் இல்ல. ஆஸ்பத்திரியில போடுற முழு அங்கிதான். கை தைக்கிறவங்க, சைடு அடிக்கிறவங்க, ஜிப் தெரிஞ்சவங்க உள்ள வாங்க. காலர், கஃப், பாக்கெட் எல்லாம் வீட்டுக்குப் போகலாம்."

"நாங்க எப்ப சார் வரணும்?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள்.

"காலர் வச்ச சட்டை போட்டுக்கிட்டு இப்ப யாரும்மா வெளிய போறா? எல்லாரும் பனியனோட வீட்ல உக்காந்திருக்காங்க. தேவைப்பட்டா கூப்பிடுறோம்."

"சார், எனக்கு ஜிப் தெரியும்."

அண்ணியின் குரல்தான். நான் அதிர்ந்து திரும்பினேன். அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் ஜிப் வைத்த பொருள் என்று பார்த்தால் அண்ணனின் பழைய பை ஒன்றுதான், அதையும் காலருக்காக வெட்டியாகிவிட்டது.

"நீ காலர்தானே?"

"வீட்ல தைச்சுப் பழகிட்டேன் சார்."

அவன் சந்தேகமாகப் பார்த்தான். "சரி, வா. ஒரு துண்டு தைச்சுக் காட்டு."

அண்ணி உள்ளே போனதும் கேட்டைச் சாத்தினான். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். நான் மதிலோரம் நின்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஜிப் என்றால் நேர்கோடுதானே, அவ்வளவு கூர்மையாகக் காலர் தைக்கிறவளுக்கு ஒரு நேர்கோடு வராதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வேலை கிடைத்துவிட்டால் வீட்டுக்காரம்மாவிடம் போய் இன்னும் ஒரு மாசம் கேட்கலாம். கிடைக்காவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அண்ணி வெளியே வந்தாள். முகமூடி தாடையில் தொங்கியது. என்னைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னாச்சு அண்ணி?"

"நேரா ஒரு கோடு. அவ்வளவுதான். நேராத்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். ஒரு எடம் வந்ததும் கை தானா துணியைத் திருப்பிடுச்சு. காலர் முனை வந்தா திருப்புவோம்ல, அந்த மாதிரி. பரவால்லன்னு இன்னொரு துண்டு கொடுத்தாங்க. மறுபடியும் அதே எடத்துல திருப்பிடுச்சு." கையை என் முன்னால் நீட்டினாள். "நான் திருப்பலடி. சத்தியமா நான் திருப்பல."