தட்டில் வைத்த குங்குமம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தூண்டில் கயிறு சுற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பொம்மை ஈயைக் கட்டி வீசி மீன் பிடிப்பார்களாம், அதற்கான கயிறு. மிதப்பது ஒன்று, முழுகுவது ஒன்று. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் முழுகும் கயிறு இருக்கும் வெள்ளைத் தட்டின் ஓரத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரு பொட்டு வைப்போம். பொட்டு இல்லாவிட்டால் மிதப்பது. அதைப் பார்த்துத்தான் லேபிள் ஒட்டுவார்கள். இந்த யோசனையைச் சொன்னதே நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன ஆயுத பூஜைக்குக் குங்குமக் கிண்ணம் என் கைக்கு வந்தது. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள் அல்லவா நான்! மெஷின், தராசு, கத்தரிக்கோல் என்று வைத்துக்கொண்டே வந்து, தட்டுகளுக்கும் வைத்துவிட்டேன். ஒன்று விடாமல்.

லீவு முடிந்து வந்தபோது தட்டுகளைத் துடைத்திருந்தார்கள். சிவப்புக் கறை மட்டும் போகவில்லை. லேபிள் ஒட்டுகிறவள் பழவேற்காட்டுப் பெண், காண்டிராக்ட். புருஷனுக்கு ஏரியில் மீன் சரியாகப் படவில்லை. அடுத்த மாதம் அவளை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள், வீடே அதைத்தான் நம்பியிருந்தது. அவள் சிவப்பைப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் முழுகுவது என்று ஒட்டினாள்.

மூன்றாம் நாள் சோதனைக்கு வந்தவர் ஒரு துண்டுக் கயிற்றை வாளித் தண்ணீரில் போட்டார். முழுக வேண்டியது மிதந்தது. சேதி காதில் விழுந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. டீ நேரத்தில் காலித் தட்டுகளை அள்ளிக்கொண்டு போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். குங்குமம் போயிற்று, மார்க்கர் பொட்டு நின்றது.

"எதப் பாத்து ஒட்டுன?" என்றார் சூப்பர்வைசர்.

"எல்லாத் தட்டுலயும் செவப்பு இருந்துச்சு சார்."

"இன்னா, எல்லாத்துலயும் எங்க இருக்குது, காட்டு."

அவள் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, நீயாவது சொல்லேன்."

வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல நின்றேன். வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும் என்று பயம். போயிருக்காது. நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அவளை மறுநாள் முதல் வரவேண்டாம் என்றார்கள். ஊத்துக்கோட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒன்னே ஒன்னு கேக்கணும். எனுக்கு கண்ணுல கோளாறுன்றாரு எங்க ஊட்டுக்காரரு. டாக்டராண்ட இட்டுக்கினு போறேன்றாரு. நெசமா சொல்லுக்கா, அந்த செவப்பு இருந்துச்சா, இல்லியா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"எதுக்கும் ஒரு வாட்டி போய்க் காட்டிக்கினு வாம்மா," என்றேன்.