டி.வி. ஒத்திவைத்த தேர்வு

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த மழைநாளை நினைத்தால் இன்றைக்கும் ஒரு நிம்மதி வருகிறது.

பொது அறிவு என்றால் எனக்குக் கிறுக்கு. உலகிலேயே சின்ன நாடு எது, டி.வி.யைக் கண்டுபிடித்தது யார் என்று எந்நேரமும் ஒப்பித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் என் மனைவி கழுவிக்கொண்டிருந்த இறாலைக் காட்டி, "இதுக்கு இதயம் தலைப் பக்கம் இருக்கு, தெரியுமா?" என்றேன். "தலையைக் கிள்ளிப் போட்டாச்சுங்க. இனிமே அது எங்க இருந்தா என்ன?" என்றாள்.

இந்தக் கிறுக்கை நம்பித்தான் புதுச்சேரி அரசின் எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். வயது வரம்பின்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பதரைக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

அன்று ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊர் பூவத்தில் விடிந்ததிலிருந்தே பேய்மழை. பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு டி.வி.யைப் போட்டேன். சென்னைச் செய்தி. அடியில் எழுத்து ஓடியது: கனமழை காரணமாக இன்றைய அரசுத் தேர்வுகள் ஒத்திவைப்பு. அப்பாடா என்றிருந்தது. மூன்று மாதமாகப் படித்தும் கணக்குப் பகுதி மண்டையில் ஏறவில்லை. உடனே லுங்கிக்கு மாறி, இன்னும் இரண்டு தோசை கேட்டேன்.

தோசையோடு வந்தவள் டி.வி.யையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது; அவள் அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்காரி. கல்யாணமாகி வந்ததும் அங்கே ரேஷன் கார்டில் பெயரை நீக்கி இங்கே சேர்ப்பதற்குள் ஒரு வருடம் அலைந்தவள்.

"ஏங்க, இது அவங்க கவர்மெண்ட்டு சொல்றது. நம்ம கவர்மெண்ட்டு சொல்லிச்சா?"

பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டேன். ஊர் உலகத்து நாடுகளையெல்லாம் கரைத்துக் குடித்தவன், நான் எந்த அரசின் கீழ் இருக்கிறேன் என்பதை மறந்து தோசை தின்றுகொண்டிருக்கிறேன்! கூடப் படித்த நண்பனுக்குப் போன் அடித்தேன். "ஹாலுக்கு வெளியில நிக்கிறேன்டா. நீ எங்க இருக்க?" என்றான்.

மணி ஒன்பது. மறுபடி பேண்ட்டுக்கு மாறி பைக்கை எடுத்தேன். ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் பின்னால் ஏறினாள். கோட்டுச்சேரியில் ரோட்டில் முழங்கால் தண்ணீர். வண்டி இருமி நின்றுவிட்டது. நான் கையெடுத்துக் கும்பிடாத குறை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னாலிருந்து தள்ளினாள். மேட்டுக்கு ஏறி நாலு உதை உதைத்த பிறகுதான் அது உயிர் பெற்றது.

தேர்வு மையத்தில் பெண் போலீஸ் ஒருவர் கேட்டில் கை வைத்துவிட்டார். "ஓடி வாங்க சார், ஓடி வாங்க!" என்று அவரே கத்தினார். ஓடினேன். எனக்குப் பின்னால் கேட் சாத்தும் சத்தம் கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

சொட்டச் சொட்ட உட்கார்ந்து எழுதினேன். துறைமுகத்தில் பதினொன்றாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றினால் என்ன பொருள் என்று ஒரு கேள்வி. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அது எனக்குத் தெரியும். கணக்கு வழக்கம்போல் காலை வாரியது.

வெளியே வந்தபோது எதிர் டீக்கடையின் தகரக் கூரையடியில் நின்றிருந்தாள்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"உங்களுக்கு அப்புறம் மூணு பேரு வந்தாங்க. மூணு பேரும் அதே டி.வி.யைத்தான் பார்த்திருக்காங்க. உள்ள விடல." குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பேரு அப்பவே போயிட்டாங்க. அதோ, அவரு மட்டும் போகவே இல்லங்க. டீ வாங்கிக் குடுத்தேன், வேணாம்னுட்டாரு."

பெஞ்சின் ஓரத்தில் என் வயதுதான் இருக்கும் ஒருவர். நனைந்த ஹால் டிக்கெட்டைத் தொடையில் விரித்து, கையால் நீவிக்கொண்டிருந்தார்.

கடைத்தெருவில் நான் அவள் கையைப் பிடித்து நடந்ததே இல்லை. அன்று வண்டியை நிறுத்தியிருந்த இடம்வரை பிடித்த கையை விடவில்லை.