கிணற்றில் தொங்கிய கோழி

எனக்கு ஏழு வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விஷயம், என் வாயில் எதுவும் தங்காது என்பது. எனக்கு அதில் வருத்தம்தான். என்ன செய்ய, உண்மை அதுதான்.

தை மாதம் கல்யாணமாகிப் போன அக்கா ஆனி பிறந்தும் மேலகரத்துக்கு வரவில்லை. அவளுடைய மாமியார் அனுப்பவில்லை. கடைசியில் அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து, குற்றாலத்தில் குளித்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால வண்டிக்கே இருவரும் திரும்புவார்களாம். ஆறு மாதம் கழித்து வரும் மகள் ஆறேழு மணி நேரம்கூட வீட்டில் இருக்கமாட்டாள். அம்மா அதைக் கேட்டாள். அன்றெல்லாம் அடுப்படியில் பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா ஒரு சேவலை அடித்தாள். மஞ்சள், உப்பு, அரைத்த மிளகாய், இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டுப் பிசைந்து, தூக்குவாளியில் அமுக்கி வைத்து, மூடி, அதன்மேல் துணியைக் கட்டினாள். பிறகு கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினாள். ஐஸ் பெட்டியை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்திராத காலம். சாரல் நாளில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும். வாளியின் அடி அந்தத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு தொங்கியது.

"நாளைக்கி வெள்ளிக்கெழமைல்லாம்மா?" என்றேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி ஏறாது.

"அது ஒனக்கு எதுக்குட்டி? கெணத்துல கோழி கெடக்குன்னு அத்தான்ட்ட மூச்சு விடக் கூடாது, கேட்டியா."

அப்பா சிரித்தார். "கெழமை தெரியாம கோழிய அடிச்சிட்டா. அந்த வெக்கத்துல சொல்லுதா."

மறுநாள் வந்த அக்கா இளைத்திருந்தாள். அத்தானும் அப்பாவும் அருவிக்குப் போய் வந்தார்கள். பருப்பும் அவியலுமாகச் சாப்பாடு முடிந்தது. அத்தான் வெற்றிலை போட்டுக்கொண்டே, "சாயங்கால வண்டிக்கே வரணும்னு அம்மா சொல்லிருக்கா மாமா," என்றார். அப்பாவுக்கு இருக்கச் சொல்ல ஆசைதான், கௌரவம் விடவில்லை. "அதுக்கென்ன மாப்ள, உங்க சௌகரியம்," என்றார். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். மருமகனிடம் மாமியார் நேரில் பேசுகிற வழக்கம் கிடையாது.

எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது.

"அத்தான், நீங்க போய்ட்டா கெணத்துல கெடக்க கோழிய யாரு திங்கது?"

"கோழி கெணத்துல விழுந்துட்டா?"

"விழல. ஒங்களுக்குன்னு அம்மா மசாலா பெரட்டித் தொங்க விட்டுருக்கா. இன்னிக்கி வெள்ளிக்கெழமை, அதான் கொழம்பு வைக்கல."

அப்பா என்னை முறைத்தார். அத்தான் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குன்னு அடிச்சத விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும் மாமா? நாளைக்கிப் போய்க்கிடுதோம்," என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. அம்மா என்ன செய்வாளோ என்று மாட்டுத் தொழுவில் போய் ஒளிந்துகொண்டு அழுதேன்.

சனிக்கிழமை குழம்பு கொதித்த வாசனை தெருக்கோடி வரை போனது. சாப்பிட்ட அத்தான் எழுந்து வண்டி பிடிக்கிற நிலையில் இல்லை, படுத்துவிட்டார். அக்கா அடுப்படியில் அம்மா மடியில் தலைவைத்து முதலில் அழுதாள், அப்புறம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது அத்தானே, "தலை தீவாளிக்கி நாலு நாளு இருக்க மாதிரி வாறோம்," என்றார்.

அம்மா என்னை அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அந்தச் சனிக்கிழமை, மாப்பிள்ளை இலைக்குப் போகவேண்டிய ஈரலில் பாதியை எடுத்து என் இலையில் வைத்துவிட்டுப் போனாள். சொல்லாதே என்றதைச் சொல்லியும் அம்மா என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, பயம் தெளிந்து அதைத் தின்றேன். அது நான் பார்த்த வேலைக்குக் கூலி என்று எனக்கு அப்போது தெரியவில்லை.