தபால்பெட்டியிலிருந்து எடுத்த பெயர்

சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டு யன்னலைத் திறந்தால், கருகிய சொசேஜ் மணமும் நனைந்த புல்லின் மணமும், ஒலிபெருக்கியில் யாரோ ஒருவருடைய பெயரை இழுத்து இழுத்து நீட்டும் சத்தமும் ஒன்றாக உள்ளே வரும். பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணித்தியாலம் போனால் வரும் எங்கள் சிறிய ஊரில் ஓர் அமெரிக்கன் கால்பந்துக் கழகம் இருந்தது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் உள்ளூர்ப் பொடியள்தான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கை மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் சம்பளம் பேசி அமெரிக்காவிலிருந்து இறக்குவார்கள். அவருக்குக் கழகம் எடுத்துக் கொடுத்த வீடு எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருந்தது.

ஆட்டம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்கள். கீழ்வீட்டுத் தபால்பெட்டியில் ஒரு வருடம் ஜாமார்விஸ் என்று ஒட்டியிருக்கும், அடுத்த வருடம் ரெக்ஸ்டன், அதற்கடுத்த வருடம் கோல்ட்ரிக். "காய்ச்சல் மருந்துக்கு வைச்ச பேர் மாதிரிக் கிடக்கு" என்பார் அம்மா. எனக்கோ வயிறு எரியும். தமிழ்ப் பள்ளியில் என் வகுப்பில் மூன்று தர்சிகாக்கள் இருந்தார்கள். அதில் நான் மூன்றாவது.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது தம்பி பிறந்தான். பிறந்த நேரத்தை அப்பா பேர்லின் கோயில் ஐயருக்குச் சொல்ல, ஆயிலியம் நாலாம் பாதம், பெயர் "டோ"வில் தொடங்கவேண்டும் என்று பதில் வந்தது. டி என்றாலும் பரவாயில்லை, யாழ்ப்பாணத்தில் டிலக்சனுக்கும் டினேசுக்கும் குறைவில்லை. டோவுக்கு எங்கே போவது? தெரிந்த வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார்கள். பேர்லினிலிருந்த மாமி, ஐயரிடம் வேறு எழுத்துக் கேட்கச் சொன்னார். "எழுத்தென்ன சந்தையில வாங்கின கத்தரிக்காயே, மாத்திக் கேக்க?" என்று அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிக்கும் நாள். அன்றைக்குப் பிள்ளையின் காதில் பெயர் சொல்லியாகவேண்டும். பதினெட்டாம் நாளாகியும் தம்பி வெறும் "குஞ்சு"வாகவே கிடந்தான். அம்மா தனியே இருந்து அழத் தொடங்கினார்.

அந்த வருடம் கீழ்வீட்டுத் தபால்பெட்டியில் ஒட்டியிருந்த பெயர் டோவாரியஸ். குப்பை கொட்டப் போகும்போது தினமும் பார்த்த பெயர்தான், அன்றைக்குத்தான் மூளையில் ஏறியது. ஓடிவந்து சொன்னேன். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த மருந்துப் பேரோ?" என்றார். அப்பா, எழுத்துச் சரி என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில், அந்தக் கந்தோரில், இருந்த ஜெர்மன் அம்மாவுக்கு அது போதவில்லை. இப்படி ஒரு பெயரைத் தான் கேள்விப்பட்டதே இல்லை, ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயர்தான் என்பதற்கு ஏதாவது சான்று கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறு யாராவது என்றால் ஒரு புத்தகத்தைத் தேடியிருப்பார்கள். என் அப்பா யாழ்ப்பாணத்து மனிதர். கந்தோருக்குத் தனியே போகக்கூடாது, ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று வளர்ந்தவர். அடுத்த தெர்மினுக்கு, கந்தோரில் குறித்துத் தந்த நேரத்துக்கு, அதாவது இருபத்தொன்பதாம் நாள் காலை, கீழ்வீட்டு டோவாரியஸையே பாஸ்போர்ட்டுடன் கூட்டிக்கொண்டு போனார். ஆறரை அடி மனிதர், கதவில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். அப்பாவுக்கு ஆங்கிலமும் ஜெர்மனும் மட்டுமட்டு, ஆகவே மொழிபெயர்க்க நான்.

கந்தோர் அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவரை நிமிர்ந்து பார்த்தார், இந்தப் பெயர் உங்கள் நாட்டில் வழக்கமானதா என்று ஜெர்மனில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் மனம் மலரச் சிரித்து, இல்லவே இல்லை, தன் அம்மா இரண்டு மாமன்மாருடைய பெயர்களைச் சேர்த்துத் தானே உண்டாக்கியது, உலகத்தில் வேறு ஒருவருக்கும் கிடையாது என்றார்.

துடக்குக் கழிவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அம்மாவின் அழுத முகம் கண்ணுக்குள் வந்தது. "அங்கே தெருவுக்குத் தெரு இந்தப் பெயர் இருக்கிறதாம்" என்று ஜெர்மனில் சொன்னேன்.

கந்தோர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கும் ஆங்கிலம் விளங்கும், பிள்ளை" என்றார். என் காது இரண்டும் சுட்டன. அப்பா ஒன்றும் விளங்காமல், "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கந்தோர் அம்மா பேனாவை எடுத்து, ஒருவர் இந்தப் பெயரோடு வளர்ந்து இவ்வளவு உயரம் வந்திருக்கிறார், பிள்ளைக்குக் கெடுதல் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிப் பதிந்தார். வெளியே வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "தாய் தானே உண்டாக்கினதோ? பேரை நாங்களும் உண்டாக்கிறனாங்கள்தானே, அப்ப அவையளும் எங்கட ஆக்கள்தான்" என்று அப்பா டோவாரியஸைத் துடக்குக் கழிவுக்கு அழைத்தார். வந்தார், வடையில் பதினொன்று சாப்பிட்டார்.

இப்போது அந்தக் கழகம் இல்லை. மைதானத்தில் கார்கள் நிற்கின்றன. தபால்பெட்டிகளையும் மாற்றிவிட்டார்கள், அவற்றில் குடும்பப்பெயர்கள் மட்டும்தான், அச்சடித்து, ஒரே அளவில். தம்பிக்குப் பதினைந்து வயது. பந்து என்றால் எட்ட நிற்பான்.

போன மாதம் அந்த மனிதரை இணையத்தில் தேடிப் பிடித்தேன். அவருடைய ஊரில் காப்புறுதி விற்கிறார், இப்போது பெயர் டான். பழைய பெயரோடு விண்ணப்பித்தபோது யாரும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை, மாற்றிய பிறகு கூப்பிட்டார்கள் என்று எழுதினார். தன் அம்மா காலமாகிவிட்டார், இனி அந்தப் பெயரை முழுதாகச் சொல்ல ஆளில்லை என்றும், பையன் இன்னும் அதை வைத்திருக்கிறானா என்றும் கேட்டிருந்தார். வாசித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பதிலுக்கு, குசினிக்குள் கைத்தொலைபேசியை நீட்டிப் பதிவுசெய்து அதையே அனுப்பினேன். ஐந்து விநாடிதான். கரண்டிச் சத்தத்துக்கு நடுவில் அம்மாவின் குரல்: "டோவாரியஸ், சோறு ஆறுது, வா."