புத்தூரில் நிற்காத வண்டி

திருச்சானூரில் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரின் வீட்டு மாடியில், பெரிய மேசை நிறையப் பொம்மை ரயில் ஓடியது. எனக்கும் அதே பைத்தியம்தான். அவரைப்போல நானும் பட்டாளத்தில் இருந்தவன். எழுபதைத் தாண்டியும் மீசையை முறுக்கி விட்டிருந்தார்.

மிலிட்டரி ஸ்பெஷலில் போன கதைகளைப் பேசிக்கொண்டே ஓட்டினோம். மேசையில் எல்லா ஸ்டேஷனிலும் நின்ற வண்டி, புத்தூர் என்று பலகை வைத்த ஸ்டேஷனில் மட்டும் நிற்கவில்லை. அங்கே வரும்போதெல்லாம் அவர் குனிந்து, கண்ணை வண்டியின் ஜன்னல் மட்டத்துக்குக் கொண்டுபோனார். பிளாட்பாரத்தில் தீக்குச்சி உயரத்துக்கு ஒரு பெண் பொம்மை, இடுப்பில் குழந்தை.

யாரென்று கேட்டேன்.

"என் பொண்டாட்டி சார். பட்டாளத்தோட காஷ்மீருக்குப் போய்க்கினு இருந்தோம். புள்ள மொகத்தையே அதுவரைக்கும் நான் பாக்கல. புத்தூர்ல வண்டி நிக்கும், தூக்கிக்கினு வான்னு நான்தான் லெட்டர் போட்டேன். நிக்கல. கதவாண்ட நின்னு கத்தறேன், அவ வேற பொட்டியப் பாத்துகினு இருக்கா."

"இது உங்க வண்டிதானே, நிறுத்திடலாமே?"

"அன்னிக்கு நிக்கலியே சார்."

கீழிருந்து அவர் மனைவி காபிக்குக் கூப்பிட்டார். "தோ வரேன்" என்றவர் நகரவில்லை. வண்டி மறுபடி புத்தூரை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்தார். பக்கத்தில் நானும் குனிந்தேன்.